தெரியாத நம்பர்

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் வானத்துக்குத் திருப்பிக் கூப்பிட்டது ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. வேண்டாம் என்று நான் அதற்கு ஒன்பது நாள் முன்பே சொல்லியிருந்தேன். பின்னால் விசாரிக்க வந்த அத்தனை பேரும், டெல்லியிலிருந்து வந்த கோட்டுக்காரர் உட்பட, என்னிடம் முதலில் கேட்டது "நீங்க ஏம்மா தடுக்கலை?" என்பதுதான். செய்தவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவளைக் கேட்பது நம் ஊரில் வழக்கமாயிற்றே. அதனால் இதை முதல் பத்தியிலேயே சொல்லி வைக்கிறேன். தடுத்தேன்.

எங்களுக்குப் பெருந்துறை. அவர் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் ஊரிலேயே அதிகம் தேடப்பட்ட ஆள் அவர்தான். நாலு தூறல் விழுந்தால் போதும், அவருடைய செல்போன் அடித்துக்கொண்டே இருக்கும். பாதிப் பேர் முழுசாகக் கூப்பிட மாட்டார்கள். ஒரு தடவை அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். படம் தெரியவில்லை, நீ கூப்பிடு என்று அர்த்தம். அவரும் சலிக்காமல் ஒவ்வொரு எண்ணுக்கும் திருப்பிக் கூப்பிடுவார். சோற்றில் கை வைத்திருந்தால் இடது கையால் கூப்பிடுவார். மிஸ்டு காலைக் கண்டுகொள்ளாத கேபிள்காரன் அந்த வீட்டு இணைப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்பார்.

அப்புறம் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் குட்டிக் குடை மாதிரி டி.டி.எச். டிஷ் வந்தது. ஆறே மாதத்தில் அவர் போன் அடிப்பது நின்றுபோனது. மிச்சமிருந்தது எங்கள் மாடியில் பதினாறு அடி அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்த பழைய டிஷ் ஒன்றுதான். அதன் காலில் கொடி கட்டி நான் துணி காயப்போட்டேன். கீழே கடையில் எட்டு கம்ப்யூட்டர் போட்டு நெட் சென்டர் தொடங்கினார். அதற்கும் கூட்டம் ஒன்றும் அலைமோதவில்லை.

சும்மா கிடந்த அந்த எட்டு கம்ப்யூட்டர்கள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். விண்செவி என்று ஒரு திட்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தியது. அது என்ன என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவர் விளக்கம் சொல்வார்.

"வானத்துல இருந்து வர்ற சத்தத்தையெல்லாம் பெரிய ஆன்டெனா வெச்சுப் புடிக்கறாங்க. அது மலையாட்டக் குவிஞ்சு கெடக்குது. அதுல எங்கயாச்சும் வேத்துக் கிரகத்துக்காரன் சத்தம் இருக்குதான்னு சலிக்கோணும். அவங்ககிட்ட அத்தனை கம்ப்யூட்டர் இல்லீங்க. அதனால துண்டு துண்டா வெட்டி, யாரு வீட்டுல மெஷின் சும்மா இருக்குதோ அங்கெல்லாம் அனுப்பறாங்க. நாம சும்மா இருக்கறப்ப அது சலிச்சுப் பாத்துத் திருப்பி அனுப்பிரும். ஆளுக்குக் கொஞ்சம். அவ்வளவுதான்."

கல்யாண வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து காய் நறுக்குவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். உலகம் முழுக்க முப்பது லட்சம் வீடுகளில் இப்படி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் 'கொங்கு நாட்டு அணி' என்று ஒன்றை ஆரம்பித்து, இருநூற்றுச் சொச்சம் பேரைச் சேர்த்து, உலகத் தரவரிசையில் அறுநூற்று நாற்பதாவது இடத்துக்கு வந்துவிட்டதாகச் சான்றிதழ் அச்சடித்து, லேமினேட் செய்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் கிண்டல் செய்தேனே தவிர, மனசுக்குள் சந்தோஷம்தான். போன் நின்ற பிறகு அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததே அப்போதுதான்.

ஆகஸ்டில் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஏதோ சிக்கியது. ஸ்பேஸ் பட்டன் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் உட்காராத மெஷின் அது. அதனாலேயே நாள் முழுக்கச் சலித்துக்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து தமிழில் ஒரு போன் வந்தது. மெர்லின் ஜெபமணி என்று பெயர் சொன்னார். மார்த்தாண்டத்துக்காரர், விண்செவியில் ஆராய்ச்சியாளர். ஒரே திசையிலிருந்து, பத்தொன்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாலு விநாடி நீளத்துக்கு ஓர் ஒலி வருகிறது, இயற்கையில் அப்படி எதுவும் கிடையாது, முதலில் பிடித்தது உங்கள் மெஷின் என்றார். இவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று இருபது தடவை சொன்னார்.

ஆனால் அந்த ஒலிக்குள் என்ன சேதி இருக்கிறது என்பது மெர்லின் அக்காவின் ஆட்களுக்குப் பிடிபடவில்லை. கணக்கு தேடினார்கள், படம் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. ஒரே சுருதியில் நாலு விநாடி, பிறகு சட்டென்று அறுந்துவிடும். அடுத்த வாரம் அவர் மறுபடி கூப்பிட்டு, ஸ்பீக்கரில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டிருந்தபோது நான் டீ கொண்டு போனேன். திரையில் கோடு ஒன்று தரையோடு ஓடி, ஓர் இடத்தில் எழும்பி, பட்டென்று விழுந்திருந்தது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"இது மிஸ்டு காலுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து மெர்லின் அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இங்கே உலகப் பெரிய மூளையெல்லாம் உட்கார்ந்திருக்கிறது, ஒருத்தருக்கும் தோன்றவில்லை, இந்த நாட்டில் மிஸ்டு கால் கொடுக்கும் பழக்கமே இல்லை, அவர்களுக்கு எப்படித் தோன்றும் என்றார். உள்ளே சேதி தேடியதுதான் தப்பு, கூப்பிட்டதே சேதி என்றார். நான் சொன்னதைத் தன் அறிக்கையில் என் பெயரோடு போடுவதாகவும் சொன்னார். போட்டார். அதற்காகவும் பிறகு நான் நிறையப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. மிஸ்டு கால் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கோ படம் தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட வேண்டும்.

எனக்கும் ஒரே அர்த்தம்தான். அது வேறு.

கல்யாணத்துக்கு முன்பு நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். புதிதாக செல்போன் வாங்கிய சமயம். தெரியாத நம்பரிலிருந்து ஒரு தடவை அடித்து நின்றது. யாருக்கோ அவசரமாக இருக்கும் என்று மரியாதைக்குத் திருப்பிக் கூப்பிட்டு, "யாருங்க கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவன் வாய்க்கு வந்த எண்களையெல்லாம் போட்டு அடித்துக்கொண்டிருந்தவன். பெண் குரலில் யாராவது திருப்பிக் கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. ஏழு மாதம். முதலில் பாட்டு போட்டுக் காட்டினான், பிறகு பெயரைக் கண்டுபிடித்தான், பிறகு ஆபீசை, பிறகு தெருவை. ஒருநாள் நான் பஸ் ஏறுகிற இடத்தில் வந்து நின்றுகொண்டு, என்னைப் பார்த்தபடியே போனை அடித்தான். என் கையில் போன் அதிர்ந்தது. வீட்டில் சொன்னபோது அண்ணன் கேட்டது, "உன்னை யாரு திருப்பிக் கூப்பிடச் சொன்னா?"

பிறகு அது நின்றது. எனக்கும் வரன் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த சென்னியப்பனிடம் நானே இதைச் சொன்னேன். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத முதல் ஆம்பளை அவர். அதற்காகத்தான் சரியென்றேன்.

அந்த மனுசனிடம்தான் இப்போது, டீ டம்ளரைக் கீழே வைக்காமலேயே சொன்னேன்: தெரியாத நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடக் கூடாது. யார் என்று தெரியாது, எதற்கு என்று தெரியாது. நாம் கூப்பிடாத வரைக்கும் இந்த நம்பரில் ஆள் இருக்கிறதா என்றே அவனுக்குத் தெரியாது. கூப்பிட்டால் தெரிந்துவிடும். நமக்கு ஓவியா இருக்கிறாள். ஐந்து வயசு.

மெர்லின் அக்காவும் ஸ்பீக்கரிலேயே ஆமோதித்தார். எல்லா நாடும் கூடிப் பேசி முடிவெடுக்காமல் யாரும் பதில் அனுப்பக்கூடாது என்பது விதி என்றார். அதோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து ஒன்று சேர்த்துச் சொன்னார்.

"அந்தத் திசையில இருக்குற நட்சத்திரம் எழுபது ஒளியாண்டு தூரம் சார். நீங்க இன்னைக்குக் கூப்பிட்டாலும் அங்க போய்ச் சேர எழுபது வருஷம், பதில் வர இன்னும் எழுபது வருஷம். அவசரமே இல்லை."

கூப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று இவர் காதில் விழுந்தது.

ஒன்பதாம் நாள், நான் ஓவியாவைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே ஈரோட்டுக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். அவர் ஹாம் ரேடியோ வைத்திருக்கும் சிநேகிதரிடம் ஒலி அனுப்பும் கருவி இரவல் வாங்கி, பழைய டிஷ்ஷில் பொருத்தி, என் துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு, அந்தத் திசைக்குத் திருப்பினார். நாலு விநாடி. அப்புறம் நிறுத்திவிட்டார். மிஸ்டு காலுக்கு மிஸ்டு கால்.

பதில் அதே டிஷ்ஷில் அன்று சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு வந்தது.

இது எனக்கு மூன்று வாரம் தெரியாது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. காலையில் குளித்து, திருநீறு பூசி, மாடிக்குப் போவார். சாயங்காலம் கடையைவிட்டு நகரமாட்டார். ஏதோ பழைய டிஷ்ஷை விற்க ஏற்பாடு செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடையைப் பெருக்கும்போதுதான் மேஜைமேல் அந்த நோட்டைப் பார்த்தேன். கேபிள் காலத்துப் புகார் நோட்டு. பெயர், கூப்பிட்ட நேரம், சரியான நேரம் என்று அவர் கோடு போட்டு வைத்திருப்பார். ஒரு வருஷமாக வெறுமையாகக் கிடந்த நோட்டில் புது மை. பெயர் இருக்கும் இடத்தில் எல்லா வரியிலும் 'மேலே' என்று எழுதியிருந்தது.

வரிசையாகப் படித்தேன். முதல் நாள் நாம் கூப்பிட்டதற்கும் பதில் வந்ததற்கும் இடையில் ஏழு மணி இருபத்தைந்து நிமிஷம். மறுநாள் ஏழு இருபத்தொன்று. அதற்கு மறுநாள் ஏழு பதினேழு. கடைசி வரியில் ஆறு மணி ஐந்து நிமிஷம். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டிருந்தார்.

அவர் சாப்பாட்டுக்கு வந்தபோது நோட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். மறைக்கவில்லை, அதுவரைக்கும் அவருக்குப் பெருமை. நீயே பார்த்துவிட்டாயா, நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன் என்றார். நேரம் ஏன் குறைகிறது என்று கேட்டேன்.

"பழகிட்டாங்க அம்மிணி. மொத நாளு யோசிச்சு எடுத்தாங்க. இப்பெல்லாம் நம்ம நம்பர்னு தெரிஞ்சு சீக்கிரம் எடுக்கறாங்க."

"எழுபது வருசத் தூரம்னு அந்தக்கா சொன்னாங்க. ஏழு மணி நேரத்துல எப்படீங்க பதில் வந்துச்சு?"

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் முட்டாள் இல்லை. சந்தோஷத்தில் அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்திருந்தார், அவ்வளவுதான். அவர்களிடம் நம்மைவிட வேகமான லைன் இருக்கும், நம் கேபிளுக்கு அடுத்து ஃபைபர் வந்த மாதிரி என்று நினைத்தேன் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

நான்தான் மெர்லின் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் ஊரில் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நோட்டிலிருந்த நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் குறித்துக்கொள்வது கேட்டது. நாலாவது வரியிலேயே குறிப்பதை நிறுத்திவிட்டார். எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"எங்க தப்பு கோகிலா. எங்களுக்குத் திசை மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது. அந்தத் திசையில ஒரு நட்சத்திரம் இருந்துச்சு, அதுலருந்துதான் வருதுன்னு எழுதிக்கிட்டோம். அது நட்சத்திரத்துல இல்லை. நீங்க சொன்ன நேரத்துல பாதி, போறதுக்கு. பாதி, வர்றதுக்கு. மொத நாளு அது நெப்டியூனுக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கு."

"இப்ப?"

"தினம் நாலு நிமிஷம் குறையுதுன்னா, வந்துக்கிட்டு இருக்கு. இப்படியே வந்தா மூணு மாசம்."

உள் அறையில் ஓவியா தரையில் படுத்து யானைக்கு ஊதா வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அந்த அறை ஜன்னலைச் சாத்தினேன். திருப்பூர் பஸ் ஸ்டாப்பை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு என்னை மட்டும்தான் தேடி வந்தான்.

அன்றே என் வீட்டுக்காரர் கருவியைக் கழற்றிவிட்டார். கழற்றும்போது அழுதார். ஊரே மறந்துவிட்டது, மேலேயிருந்து ஒருத்தன் என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன் என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. நாம் பதில் சொல்லாவிட்டால் அது திரும்பிப் போய்விடுமா என்று மெர்லின் அக்காவிடம் கேட்டேன். இடம் சரியாகத் தெரியாமல் தடுமாறலாம், சரியாகத் தெரிய அதற்கு நம் பதில் வேண்டும், யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவேளை என்றார். அந்த ஒருவேளைதான் எங்களிடம் மிச்சம்.

நாங்கள் நிறுத்தியதும் அது அடிப்பது கூடியது. பத்தொன்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்தது, மணிக்கு ஒரு தடவை ஆனது. பிறகு இன்னும் கூடி, ஒரே நாளில் நாற்பது தடவை வந்தது என்று மெர்லின் அக்கா ஆச்சரியப்பட்டார். எனக்கு ஆச்சரியமில்லை. நான் எடுப்பதை நிறுத்தியபோது அவனும் அதைத்தான் செய்தான்.

ரகசியம் மூன்று வாரம் தாங்கியது. விண்செவி ஊர்ப்பொது அடுப்பு மாதிரி. முப்பது லட்சம் வீட்டில் அந்தத் துண்டுகள் போய் விழுகின்றன. யாரிடம் மறைப்பது? போலந்தில் ஒருவர் கண்டுபிடித்து எழுதினார், பிரேசிலில் ஒருவர் அதைப் படித்தார், மறுநாள் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் போலீஸ் ஜீப் வந்தது, கோட்டுக்காரர்கள் வந்தார்கள், டிஷ்ஷையும் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டரையும் லாரியில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓவியாவைத் தங்கள் பிள்ளைகளோடு விளையாடவிடவில்லை. அவர்கள் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்ள முடியும் என்று நினைத்தார்களோ தெரியவில்லை.

நான் சொல்லச் சொல்ல மெர்லின் அக்கா ஆங்கிலத்தில் எழுதி, முப்பது லட்சம் பேருக்கும் அனுப்பினார். தெரியாத நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடாதீர்கள். என் கதையையும் சேர்த்தே சொன்னேன். வெட்கத்தைப் பார்த்தால் ஆகுமா? ஆண்கள் பலர் நகைச்சுவையாகப் பதில் எழுதினார்கள். ஒரு பனியன் கம்பெனிப் பெண்ணின் பயத்தை வைத்து அண்டத்தை அளக்கலாமா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். டாக்காவிலிருந்தும் நைரோபியிலிருந்தும் மணிலாவிலிருந்தும் பெண்கள் எழுதினார்கள். எங்களுக்குத் தெரியும் சகோதரி, எங்கள் ஊரிலும் இதுதான் என்று எழுதினார்கள். அதைப் படித்து நான் அழுதேன்.

ஆனால் கூப்பிட்டார்கள். முதல் வாரத்தில் முப்பது பேர். அடுத்த வாரத்தில் முந்நூறு. அப்புறம் எண்ண முடியவில்லை. பெரிய ஆட்கள் யாரும் இல்லை. எங்களைப் போல மாடியில் பழைய டிஷ் வைத்திருந்தவர்கள், ஹாம் ரேடியோக்காரர்கள், கல்லூரி மாணவர்கள். பிடித்து விசாரித்தபோது எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: நான் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன், என்னுடைய சின்னச் சத்தம் அங்கே கேட்குமா என்ன? ஆளுக்குக் கொஞ்சம். தேடும்போது எப்படிச் சேர்ந்து தேடினார்களோ அப்படியே சேர்ந்து வழி சொன்னார்கள்.

பதில் வரும் நேரம் குறைந்துகொண்டே போனது. மூன்று மணி, ஒன்றரை மணி, ஐம்பது நிமிஷம். ஒரு சனிக்கிழமை இருபது நிமிஷமானது. செவ்வாய்க் கிரகம் எட்டுகிற தூரம் என்றார்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியைத் திருப்பியும் எதுவும் கண்ணில் படவில்லை. பள்ளிகளை மூடினார்கள். கோயிலிலும் சர்ச்சிலும் நிற்க இடமில்லை. என் அண்ணன் திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டான். இந்தத் தடவை யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதில் வரவில்லை. அதுவாக அடிக்கவும் இல்லை. திங்கள், செவ்வாய், ஒன்றுமில்லை. பத்து நாள் பார்த்தார்கள். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது என்று அந்தப் பேராசிரியர் டிவியில் சொன்னார். வெடி வெடித்தார்கள். என் வீட்டுக்காரர் சென்னிமலைக்கு நடந்தே போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார். அண்ணன் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினான். தெருப் பிள்ளைகள் ஓவியாவைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ராத்திரியில் எழுந்து எழுந்து போனைப் பார்த்தேன். அது எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மெர்லின் அக்கா கூப்பிட்டார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓவியாவுக்கு மாதுளை உரித்துக்கொண்டிருந்தார். தானும் கேட்க வேண்டும் என்று அவரே ஸ்பீக்கரைப் போட்டார். அக்காவின் குரல் சரியில்லை. நலம் விசாரிக்கவில்லை.

"கோகிலா, நீ சொன்னது எல்லாமே நடந்துச்சு. கூப்பிடாதன்ன. நிறுத்தினா நிறைய அடிக்கும்னு உனக்குத் தெரிஞ்சுது. வந்து நின்னு பாக்கும்னும் தெரிஞ்சுது. நான் ஒண்ணு கேக்கணும். அந்த ஆள் ஒருநாள் நிறுத்திட்டான்னு எழுதச் சொன்னியே. நிறுத்தினதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இதை அம்மாவிடம் சொன்னதில்லை. அண்ணனிடம் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த அன்று, "எல்லாம் முடிஞ்சுதுங்களா?" என்று இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முடிந்தது என்று பொய் சொல்லித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன்.

"நாலு நாள் சத்தமே இல்லைக்கா. அப்புறம் வேற நம்பர்ல இருந்து வந்துச்சு. மறுநாள் இன்னொண்ணு. எல்லாம் நான் பாக்காத ஆளுங்க. ஆனா எல்லாருக்கும் எம் பேரு தெரிஞ்சுது, தெரு தெரிஞ்சுது. அவன் என் நம்பரைக் கூட்டாளிங்களுக்கெல்லாம் குடுத்துட்டான்."

"எத்தனை பேர்?"

"பதினேழு."

இவர் மாதுளையைத் தட்டில் வைத்தார். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

மெர்லின் அக்கா அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். இன்று காலையிலிருந்து அதே நாலு விநாடி ஒலி வருகிறது என்றார். பழைய திசையிலிருந்து அல்ல. வானத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களிலிருந்து. காலையில் மூன்று. இப்போது ஒன்பது. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன் என்றார். பிறகு, ஆராய்ச்சியாளர் மாதிரி இல்லாமல், பயந்துபோன ஒரு மார்த்தாண்டத்துப் பெண்ணாக, கடைசியாக ஒன்று கேட்டார்.

"அந்தப் பதினேழு பேரும் எப்படி நிறுத்தினாங்க கோகிலா?"

"அவங்க நிறுத்தலைக்கா. நான்தான் சிம்மை ஒடிச்சுப் போட்டுட்டு, அந்த ஊரையே விட்டு வந்துட்டேன்."